பூட்டனாரின் உயிலைத் தேடும்போது சிக்குகிற இடங்கள்

என் அம்மாவின் தாத்தா எழுதிய உயிலைத் தேடி ஒரு பத்திர ஆபீசுக்கு மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். நான்காவது முறை, ஓய்வுக்குச் சில மாதமே பாக்கி இருந்த ஓர் எழுத்தர் என் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூணாம் புஸ்தகத்துல பார்க்கணும்னு எழுதவே இல்லையே நீங்க?" என்று கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஆவண எண் கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் இதே தேடலைப் பலமுறை செய்து கொடுத்திருக்கிறேன். ஆட்கள் மாறினாலும் சிக்குகிற இடங்கள் மாறுவதில்லை. அந்த இடங்களைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாமல் சரிபார்க்கக் கூடியது முதலில் வரும், அலைச்சலும் செலவும் பிடிப்பது கடைசியில்.

தொடங்கும் முன் ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள்: உயில் எழுதியவர் இறந்த ஆண்டு, கடைசியாகக் குடியிருந்த ஊர், சொத்து இருந்த ஊர்கள், தகப்பனார் பெயர், மதம். இறந்த தேதி சரியாகத் தெரியாவிட்டால் வீட்டில் திதி கொடுக்கிறவரைக் கேளுங்கள். 'ஆவணி தேய்பிறை தசமி' என்ற அளவுக்காவது வந்துவிடும். கிறிஸ்தவக் குடும்பமென்றால் கல்லறைக் கல்லும் கோயில் அடக்கப் பதிவேடும் தேதியைச் சொல்லிவிடும்.

அறிகுறி 1: வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், உயில் எதுவும் வரவில்லை

பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். உயில் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதல் காரணம்: வில்லங்கச் சான்று (ஈ.சி.), அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், எடுப்பது பத்திர ஆபீசின் முதலாம் புத்தகத்திலிருந்து. கிரயம், அடமானம், பாகப் பிரிவினை, செட்டில்மெண்ட் எல்லாம் அதில் பதிவாகும். உயிலும் தத்தெடுக்கும் அதிகாரப் பத்திரமும் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். ஆகவே எத்தனை வருடத்துக்கு ஈ.சி. போட்டாலும் உயில் அதில் தலைகாட்டாது. மனுவில் 'மூன்றாம் புத்தகத்திலும் அதன் அட்டவணையிலும் தேட வேண்டும்' என்று தெளிவாக எழுதுங்கள். உயில் எழுதியவர் இறந்துவிட்டார் என்பதற்குச் சான்றை இணையுங்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோதான் நகல் வாங்க முடியும். இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கலாம். "நீங்கள் வாரிசா?" என்று கேட்டால் இந்தப் பிரிவைப் பணிவாகக் காட்டுங்கள். ஆனால் முதலாம் புத்தகத்தைப் போல நாமே புரட்டிப் பார்க்க முடியாது. மூன்றாம் புத்தகத்தில் தேடுவது பதிவு அலுவலரின் வேலை. அதனால் அவர் தேடுவதற்கு வசதியாகப் பெயரையும் வருட வரம்பையும் குறுக்கிக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

இரண்டாவது: ஆபீஸ் தவறு. நிலம் சம்பந்தப்பட்ட பத்திரத்தை நிலம் இருக்கும் எல்லையில் பதிவார்கள். உயிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மன்னார்குடியில் நிலம் வைத்திருந்தவர், மகன் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் கோயம்புத்தூரில் உயிலைப் பதிந்திருக்கலாம். கடைசி ஐந்தாறு வருடம் அவர் எங்கே இருந்தார், எந்த ஊரில் வைத்தியம் பார்த்தார் என்று வீட்டில் விசாரியுங்கள். அந்த ஊர் ஆபீசிலும் மனுக் கொடுங்கள்.

மூன்றாவது: ஆபீசும் மாவட்டமும் பிரிந்திருப்பது. பழைய புத்தகங்கள் தாய் ஆபீசிலேயே தங்கியிருக்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவானது. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. உங்கள் ஊர் எந்த ஆண்டில் எந்த ஆபீஸ் எல்லையில் இருந்தது என்பதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு அலையுங்கள்.

நான்காவது: உயில் மூடிய உறையில் இருக்கலாம். வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தவர்கள் முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைப்பார்கள். அது ஐந்தாம் புத்தகத்தில் குறிக்கப்படும். எழுதியவர் இறந்தபின் யாராவது மனுச் செய்து உறையைத் திறந்திருந்தால்தான் அது மூன்றாம் புத்தகத்துக்கு ஏறியிருக்கும். சார்பதிவாளர் ஆபீசில் இல்லையென்றால் ஐந்தாம் புத்தகத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்காமலே திரும்புகிறவர்கள் மிக அதிகம்.

ஐந்தாவது: பதிவே செய்யவில்லை. உயிலைப் பதிய வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் வெள்ளைத் தாளில் எழுதியதும் உயில்தான். அப்படியானால் அடுத்த தலைமுறை எழுதிய பத்திரங்களைப் பிடியுங்கள். மகனோ பேரனோ நிலத்தை விற்றிருப்பார். அந்தக் கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தில், 'என் தகப்பனார் இன்ன தேதியில் எழுதிவைத்த உயில் சாசனப்படி எனக்குப் பாத்தியப்பட்டு நான் ஆண்டு அனுபவித்து வருவதுமான' என்று ஒரு வரி இருக்கும். அதில் உயிலின் தேதியும், பதிந்திருந்தால் எண்ணும் கிடைக்கும். இந்தக் கிரயம் வில்லங்கச் சான்றில் வரும். இணையத்தில் எடுக்கிற ஈ.சி. ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தியது வேண்டுமென்றால் ஆபீசில் மனுக் கொடுத்துக் கையால் தேடவைக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அந்தப் பகுதியில் தலைமுறையாகத் தொழில் செய்யும் பத்திர எழுத்தர் ஒருவரிடம் போங்கள். எந்த ஆபீஸ் எப்போது எங்கிருந்து பிரிந்தது என்பது அவருக்கு அத்துப்படி.

அறிகுறி 2: சரியான புத்தகம், சரியான ஆபீஸ், ஆனாலும் "அந்தப் பெயரே இல்லை" என்கிறார்கள்

அட்டவணை பெயர்வாரியாக இருக்கும். நாம் சொல்லும் பெயர் வீட்டில் கூப்பிட்ட பெயர். ஆபீசில் எழுதியது வேறு. மூன்று நான்கு வடிவங்களை எழுதிக் கொடுங்கள்: சாதிப் பட்டத்தோடு, பட்டம் இல்லாமல், 'என்கிற' சேர்த்து, ஊர்ப் பெயரை முன்னால் போட்டு. பெண் என்றால் கணவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் இரண்டையும் கொடுங்கள்.

அட்டவணை ஆங்கிலத்தில் இருந்தால் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலை நினைத்துத் தேட வேண்டும். முத்து என்பதில் யூ வரவேண்டிய இடத்தில் இரண்டு ஓ நிற்கும். சாமி என்பதன் நடுவில் டபிள்யூ நுழைந்திருக்கும். ழகரம் எல் ஆகவோ இஸட் ஆகவோ மாறியிருக்கும். நான் ஒவ்வொரு பெயருக்கும் ஐந்தாறு கூட்டல்களை எழுதிக்கொண்டு போவேன். அதில் நாலாவதோ ஐந்தாவதோதான் பெரும்பாலும் அகப்படும்.

அதுவும் தோற்றால் நிறைவேற்றுபவரின் பெயரில் தேடச் சொல்லுங்கள். மூன்றாம் புத்தகத்தின் அட்டவணையில் உயில் எழுதியவர் பெயரோடு, உயிலை நிறைவேற்ற நியமித்தவர்களின் பெயரும் ஏறும். எழுதியவர் இறந்தபின் உரிமை கோருகிறவர்களின் பெயரும் சேரும். மூத்த மாப்பிள்ளை, மைத்துனர், ஊரில் மதிப்பான ஒருவர் என்று யாராவது அந்த இடத்தில் இருப்பார்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. பெயர் கிடைத்துவிடும், ஆள் வேறாக இருப்பார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறை ஒரே பெயர்தான். அண்ணன் தம்பி இருவருடைய மூத்த பிள்ளைகளுக்கும் அதே பெயர் இருக்கும். ஒரு குடும்பத்துக்காக நான் தேடியபோது, ஒரே ஊரில், ஒரே தகப்பனார் பெயரோடு, ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு தகப்பனார்களும் பங்காளிகள், அவர்களுக்கும் ஒரே பெயர். மனைவி பெயரை வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. ஆகவே பெயர், தகப்பனார் பெயர், மனைவி பெயர், குடியிருந்த தெரு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று பொருந்தாத உயிலை நம்முடையது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி 3: நீதிமன்றத்தில் புரோபேட் எதுவும் கிடைக்கவில்லை

முதலில், அவருக்குப் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் உறுதிசெய்து தரும் ஆணை) தேவைப்பட்டிருக்குமா என்று பாருங்கள். இதை வைத்தே பாதி அலைச்சலைத் தவிர்க்கலாம்.

*இந்து, சென்னை நகர எல்லைக்குள் உயில் எழுதினார் அல்லது அங்கே அவருக்குச் சொத்து இருந்தது:* 1870 செப்டம்பர் 1-க்குப் பிறகு எழுதியது என்றால் புரோபேட் வாங்கியாக வேண்டிய நிலை இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் (வழக்குகள் நேரடியாகத் தொடங்கும் பிரிவில்) தேடுங்கள்.

*இந்து, வெளியூர், வெளியூர்ச் சொத்து மட்டும்:* புரோபேட் கட்டாயம் இல்லை. நீதிமன்றத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அதுவே இயல்பு. அறிகுறி 1-க்குத் திரும்பிப் போங்கள்.

*கிறிஸ்தவர்:* 1865-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் தொடங்கி 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, உயில்வழி உரிமையை நிலைநாட்டப் புரோபேட் வேண்டியிருந்தது. எனவே பாளையங்கோட்டைக்காரரோ தஞ்சாவூர்க்காரரோ, மாவட்ட நீதிமன்றத்தில் தேடிப் பாருங்கள். உயிலைப் பொறுத்தவரை கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத்தான் நீதிமன்ற ஆவணம் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். பலருக்கு இது தெரிவதே இல்லை. திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த பகுதி என்றால் 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம் என்று தனி வழி இருந்ததையும் மனத்தில் வையுங்கள்.

*முஸ்லிம்:* புரோபேட் கட்டாயம் இல்லை. அறிகுறி 8-ஐப் பாருங்கள்.

தேவைப்பட்டிருக்கும், ஆனாலும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வருடம். இறந்த வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. வீட்டை விற்கப் போகும்போதோ அண்ணன் தம்பிக்குள் தகராறு வரும்போதோதான் பலர் புரோபேட்டுக்கு ஓடினார்கள். இறந்து இருபது முப்பது வருடம் வரைக்கும் தள்ளிப் பாருங்கள்.

அதற்கடுத்தது ஆவணத்தின் பெயர். உயிலில் நிறைவேற்றுபவரை நியமிக்காமல் விட்டாலோ அவர் முன்பே இறந்துவிட்டாலோ புரோபேட் வராது. உயிலை இணைத்த 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற பெயரில் இருக்கும். அப்புறம் எண்ணின் மாற்றம். சென்னையில் மனு ஓ.பி. என்ற எண்ணில் தொடங்கும். யாராவது கேவியட் போட்டு எதிர்த்தால் அது டி.ஓ.எஸ். என்ற வழக்காக மாறி வேறு எண் வாங்கும். ஓ.பி. எண்ணை வைத்துக்கொண்டு வழக்குக் கட்டு இல்லை என்று திரும்புகிறவர்கள், டி.ஓ.எஸ். பதிவேட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். எதிர்ப்பு வந்த வழக்கு ஆராய்ச்சிக்குப் புதையல். சாட்சிகளின் வாக்குமூலத்தில் அவர் கடைசி நாட்களில் என்ன சாப்பிட்டார், யாரை அடையாளம் கண்டுகொண்டார், யாரோடு பேசாமல் இருந்தார் என்பது வரைக்கும் வரும். மேல்முறையீடு போயிருந்தால் சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் குடும்ப மரமே அச்சாகியிருக்கலாம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் 1876 முதல் தொகுதி தொகுதியாக அச்சில் இருக்கின்றன.

1862-க்கு முந்தியவர் என்றால் உயர் நீதிமன்றமே கிடையாது. அதற்கு முன் சென்னையில் 1801 முதல் சுப்ரீம் நீதிமன்றம், அதற்கும் முன் 1798 முதல் ரெக்கார்டர் நீதிமன்றம், அதற்கும் முன் 1726-ஆம் ஆண்டுச் சாசனப்படி அமைந்த மேயர் நீதிமன்றம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் விசாரிக்க வேண்டிய காலம் இது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வழி வந்தவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. மாகாணங்களில் மெய்ப்பித்த உயில்களின் நகல்கள் லண்டனுக்குப் போயின. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

ஒரே உயிலுக்கு எத்தனை ஆண்டு ஆவணம் சேரும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரின் உயிலைச் சொல்லலாம். அவர் இறந்தது 1794-இல். தர்மத்துக்கு எழுதிவைத்த பணத்தைப் பற்றிய வழக்குகள் பல்லாண்டு நடந்து, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது 1842 ஆகிவிட்டது. உயிலின் தேதியோடு தேடலை நிறுத்தினால் அவ்வளவும் கண்ணில் படாமல் போயிருக்கும்.

கடைசியாக, அவர் கடல் கடந்து போனவரா? பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கையில் கடை வைத்திருந்தவர் என்றால் சொத்து இருந்த நாட்டின் நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு கட்டு, அங்கே ஒரு கட்டு என்று இரண்டும் இருக்கலாம். இலங்கையில் 1840-ஆம் ஆண்டுச் சட்டப்படி உயிலை நொத்தாரிசு (நோட்டரி) முன்னால் இரண்டு சாட்சி வைத்து எழுத வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி வேண்டும். யாழ்ப்பாணத்தவரின் உயிலில் ஐந்து கையெழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான். மெய்ப்பிக்கும் வழக்கு அங்கே மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும்.

*வக்கீலை எப்போது கூப்பிடுவது:* வழக்கில் சம்பந்தப்படாதவர் நீதிமன்றக் கட்டிலிருந்து நகல் கேட்டால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டியிருக்கும். அந்த இடத்தில் தனியாக மல்லாட வேண்டாம். ஒரிஜினல் சைடில் பழகிய வக்கீலின் குமாஸ்தா ஒரு நாளில் முடிப்பதை நாம் ஒரு மாதம் இழுப்போம்.

அறிகுறி 4: நகல் கிடைத்தது, படிக்க முடியவில்லை

பயந்துவிடாதீர்கள். ஒரு வாரம் கண் பழகினால் முக்கால்வாசி படித்துவிடலாம்.

பெரும்பாலும் தடுக்குவது குறியீடுகள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ எண். இந்த எட்டையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். '௸யூர்' என்பது புதிதாக ஓர் ஊரின் பெயர் போலத் தெரியும். அது மேற்படியூர், அதாவது முன்னால் சொன்ன அதே ஊர். '௸யார்' என்றால் மேற்படியார். இதை ஆள் பெயர் என்று எண்ணிக் குடும்ப மரத்தில் சேர்த்திருந்த ஒருவருக்கு நான் அடித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது எழுத்து. பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள். ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் காட்ட மாட்டார்கள். ஆக, ஒரே சொல்லை 'பெரிய' என்றும் 'பேரிய' என்றும் 'பொய' என்றும் படிக்க இடமுண்டு. வாய்விட்டுப் படியுங்கள், காது சரியானதைப் பிடித்துவிடும். தொடக்க வரிகள் எல்லா உயிலிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: 'நான் நல்ல ஞாபகத்துடனும் யாருடைய தூண்டுதலும் இன்றியும் என் மனப்பூர்வமாய் எழுதிவைத்த உயில் சாசனம்'. அந்த வரியை வைத்து அந்த எழுத்தரின் கையைப் பழகிக்கொண்டு உள்ளே போங்கள்.

தேதிக்கு வருவோம். தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். விகாரி வருடம் ஆவணி மாதம் 12-ஆம் நாள் என்றால் அது 1899 ஆகஸ்டு கடைசியாகவும் இருக்கலாம், 1959 ஆகஸ்டு கடைசியாகவும் இருக்கலாம். முத்திரைத் தாளில் யார் தலை இருக்கிறது, அணாவா நயா பைசாவா என்று பார்த்தால் தெளிந்துவிடும். தை முதல் பங்குனி வரை உள்ள மாதங்களுக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும். விகாரி மாசி என்பது 1900. தெற்கே கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825-ஐயும் கூட்டுங்கள். 1085 ஆவணி என்றால் 1909, அதே 1085 சித்திரை என்றால் 1910.

பணம் ரூபாய், அணா, பையில் இருக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆவணத்தில் வராகன் வரும். சென்னையில் ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய்க் கணக்கு.

எழுத்தே தமிழாக இல்லையென்றால்? தஞ்சாவூர்ப் பக்கம் மோடி என்ற எழுத்தில் எழுதிய மராத்தி, வடக்கே தெலுங்கு, கன்னியாகுமரியில் மலையாளம். இங்கே ஊகித்துப் படிக்காமல் அந்த எழுத்து தெரிந்தவருக்குக் காசு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு 'இல்லை'யைத் தவறவிட்டால் முழு அர்த்தமும் கவிழ்ந்துவிடும்.

கையில் இருப்பது மூல உயிலே என்றால் அதை லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, மடிக்காமல் ஒரு காகித உறையில் வையுங்கள். லேமினேஷன் போட்டுக் கெடுத்த தாள்களைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது.

அறிகுறி 5: படித்துவிட்டேன், ஆனால் அவரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை

'என் சொத்து முழுவதும் என் மனைவிக்கு' என்று நாலு வரி எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. உயிலிலிருந்து கண்ணை எடுத்து அதோடு இருக்கும் தாள்களைப் பாருங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இது.

புரோபேட் மனுவோடு சொத்து மதிப்புப் பட்டியல் ஒன்று இருக்கும். 1870-ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டம் அதற்கு ஒரு படிவம் வைத்திருந்தது. இணைப்பு 'ஏ'யில் அவர் விட்டுப்போனவை எல்லாம் வகைவகையாக வரும்: வீட்டிலும் பாங்கிலும் இருந்த ரொக்கம், தட்டுமுட்டுச் சாமான், துணிமணி, புத்தகம், நகை, சர்க்கார் பத்திரம், வீடு நிலம், கம்பெனிப் பங்கு, இன்சூரன்ஸ், அடமானப் பத்திரங்கள், வரவேண்டிய பாக்கி, கடைச் சரக்கு. இணைப்பு 'பி'யில் அவர் கொடுக்க வேண்டிய கடனும் ஈமச் செலவும்.

ஒரு துணிக்கடைக்காரரின் பட்டியல் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தேக்குப் பீரோ ஒன்று, வெள்ளிக் கூஜா ஒன்று, ஆர்மோனியப் பெட்டி ஒன்று. அவருக்குப் பாட்டுத் தெரியும் என்று அந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. வரவேண்டிய பாக்கியில் ஊர் ஊராகப் பெயர்கள், பெரும்பாலும் பெண்கள் பெயர், ஒன்றரை ரூபாய், இரண்டே கால் ரூபாய் என்று. தலையில் மூட்டை வைத்துக் கிராமம் கிராமமாகத் தவணைக்குச் சேலை விற்றவர் என்பது அந்தப் பட்டியலிலிருந்து தெரிந்தது. குடும்பத்தில் அவரைப் பெரிய ஜவுளி வியாபாரி என்றே சொல்லி வந்திருந்தார்கள். அவருடைய கொள்ளுப்பேத்தியிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது, ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

பட்டியலோடு நிற்காதீர்கள். புரோபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும் ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நிறைவேற்றுபவர் தாக்கல் செய்ய வேண்டும். எல்லோரும் செய்ததில்லை. செய்திருந்தால் வைத்தியருக்குக் கொடுத்தது, கருமாதிச் செலவு, வேலைக்காரருக்குக் கொடுத்த மீதிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். 1953 முதல் 1985 வரை இறந்தவர் வசதியானவர் என்றால் எஸ்டேட் டியூட்டி (இறந்தவர் சொத்தின் மீதான வரி) கணக்கின் நகலைப் பழைய ஆடிட்டர் கட்டுகளில் தேடுங்கள்.

நீதிமன்றத்துக்கே போகாத உயில் என்றால் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். சாட்சி போட்டவர்கள் யார், எந்தத் தெரு, என்ன தொழில்? எழுதிய பத்திர எழுத்தர் எந்த ஊர்? எழுதியவர் கையெழுத்துப் போட்டாரா, பெருவிரல் ரேகை வைத்தாரா? படித்தவர் என்று தெரிந்த ஒருவர் ரேகை வைத்திருந்தால், கை நடுங்கும் அளவுக்கு நோயில் இருந்தார் என்று எண்ண இடமுண்டு. பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து பதிந்ததாகக் குறிப்பு இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அறிகுறி 6: ஒரு பிள்ளையின் பெயர் இல்லை, அல்லது யாரென்றே தெரியாத பெயர் இருக்கிறது

விடுபட்ட பெயரைப் பார்த்ததும் 'ஒதுக்கிவிட்டார்' என்று கதை கட்ட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு முன்பே செட்டில்மெண்ட் எழுதியிருக்கலாம். முதலாம் புத்தகத்தில், உயில் தேதிக்குப் பத்து வருடம் முந்திவரை பாருங்கள். வேறு வீட்டுக்குத் தத்துப் போயிருக்கலாம். பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு இருந்ததால், சுயசம்பாத்தியத்தை மட்டும் மனைவிக்கும் பெண்களுக்கும் எழுதியிருக்கலாம். பெண்ணின் பெயர் இல்லையென்றால், 'சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டபடியால்' என்ற சொற்றொடர் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

புதிய பெயர் என்றால் உறவுச் சொல்லைச் சந்தேகியுங்கள். 'தம்பி' சித்தப்பா மகனாக இருக்கலாம். 'மருமகன்' என்றால் மகளைக் கட்டியவரா, அக்காள் மகனா? 'சுவீகார புத்திரன்' என்றிருந்தால் தத்து. 1872 ஜனவரி 1-க்குப் பிறகு, மனைவி தத்தெடுக்கலாம் என்று கணவர் கொடுத்த அதிகாரத்தை உயிலில் சேர்க்காமல் தனியாக எழுதியிருந்தால், கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதுவும் மூன்றாம் புத்தகத்தில்தான். 'இளைய தாரம்', 'அபிமான ஸ்திரீ' போன்ற சொற்கள் வந்தால் இன்னொரு குடும்பம் இருந்தது என்று பொருள்.

இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் குடும்ப வாட்சப் குழுவில் உடனே போடாதீர்கள். வீட்டின் மூத்த பெண்மணியிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும், யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார். அந்தப் பெயருக்குப் பின்னால் இன்றும் ஒரு வீடும் மனிதர்களும் இருக்கலாம்.

*வக்கீலிடம் போக வேண்டிய இடம்:* கிடைத்த உயில் இன்று யாராவது அனுபவிக்கும் சொத்தைத் தொடுகிறது என்றால், அல்லது திறக்காத உறை கையில் வந்தது என்றால், தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு ஆலோசனை கேளுங்கள்.

அறிகுறி 7: சொத்து விவரத்தில் உள்ள நிலம் எங்கே என்று தெரியவில்லை

எண் பொருந்தாமல் போவதற்குக் காரணம் மறு அளவை. மிகப் பழைய பத்திரத்தில் பைமாஷ் எண் இருக்கும், பிறகு வந்தது சர்வே எண், 1980-களில் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்துக்குப் பிறகு அதுவும் மாறியிருக்கலாம். தாலுகா ஆபீசில் பழைய எண்ணுக்குப் புது எண் காட்டும் பதிவேட்டைக் கேளுங்கள். எண்ணே இல்லையென்றால் நான்கெல்லையைப் படியுங்கள். 'இன்னார் புஞ்சைக்கு மேற்கு, ஓடைக்கு வடக்கு' என்பதில் உள்ள பக்கத்து நிலத்துக்காரர்களின் பெயரை ஊரில் சொன்னால் அடையாளம் காட்டிவிடுவார்கள். அளவு வேலி, மா, குழியில் இருந்தால் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இந்த வாய்ப்பாடு தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு. வேறு வட்டாரத்தில் குழியின் அளவு மாறும், ஊர்ப் பெரியவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 8: எல்லாம் பார்த்தாயிற்று, உயிலே எழுதவில்லை போலிருக்கிறது

அப்படியும் இருக்கும். 1956 ஜூன் 17-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை, கூட்டுக் குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கை ஒருவர் உயிலில் எழுத முடியாது. அதற்கு முன் இறந்த விவசாயக் குடும்பத் தலைவருக்கு உயில் இல்லாதது சாதாரணம். உயிலுக்குப் பதிலாகப் பாகப் பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். அண்ணன் தம்பிகள், அவர்களுடைய பிள்ளைகள், மைனர்களின் வயது, அம்மாவுக்கு ஒதுக்கிய ஜீவனாம்சம், யாருக்கு எந்த மாடு, எந்தக் கிணற்றில் எத்தனை நாள் முறை என்று உயிலைவிட அதிகம் சொல்லும். அது முதலாம் புத்தகத்தில் இருப்பதால் ஈ.சி.யிலேயே வரும்.

முஸ்லிம் குடும்பமென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அதனால் பலர் உயிருடன் இருக்கும்போதே ஹிபாவாக (தானமாக) கொடுத்தார்கள், அல்லது வக்ஃபு எழுதினார்கள். அவற்றைத் தேடுங்கள்.

பாங்குப் பணமோ பங்குப் பத்திரமோ வைத்துவிட்டு உயில் இல்லாமல் இறந்தவருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கியிருப்பார்கள். அந்த மனுவில் வாரிசுகள் அத்தனை பேரும் வயதோடும் முகவரியோடும் இருப்பார்கள். மனுவின் எண்ணுக்கு வீட்டிலுள்ள பழைய பாங்குக் கடிதங்களைப் புரட்டுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு கடிதத்தின் தலைப்பில் அது இருக்கும்.